போருக்கு முந்தைய பங்களா விற்பனைக்கு: உறுதி யாரிடம் இருக்கிறது?

நியூயோர்க் நகரத்தின் வீட்டுத் தரகர்கள் ஓர் அடுக்குமாடி வீட்டை “போருக்கு முந்தையது” என்று விளம்பரப்படுத்தினால் அதன் விலை கூடும். அவர்கள் சொல்லும் போர் இரண்டாம் உலகப்போர். 1940களுக்கு முன்னர் கட்டப்பட்ட வீடு என்றால் உயரமான கூரை, தடித்த சுவர், நல்ல மரத்தாலான தரை, குளிர்காயும் அடுப்பு எல்லாம் இருக்கும், இன்று யாரும் அப்படிக் கட்டுவதில்லை என்பது அதன் பொருள்.

அதே சொல்லை வலிகாமம் வடக்கிலோ கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ சொல்லிப் பாருங்கள். போருக்கு முந்தைய வீடு என்றால் நமக்கு நினைவுக்கு வருவது கூரையில்லாத நான்கு சுவரும், தூர்ந்துபோன கிணறும், எந்த இடப்பெயர்வில் தொலைந்தது என்று தெரியாத காணி உறுதியும்தான்.

ஊவாவின் மலைகளில் இந்தச் சொல்லுக்கு மூன்றாவது பொருள் ஒன்று இருக்கிறது. ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, பதுளை, பசறைப் பக்கங்களில் “பிரித்தானியர் காலத்துப் பங்களா, தேயிலை மலைக் காட்சியுடன்” என்று விற்பனைக்கும் நீண்டகாலக் குத்தகைக்கும் விளம்பரங்கள் வருகின்றன. புலம்பெயர்ந்த உறவுகளுக்கு இவை வட்ஸ்அப் குழுக்கள் வழியாகவும் போய்ச் சேர்கின்றன. விளம்பரத்தில் புல்வெளி இருக்கும், மலை இருக்கும், அடுப்பங்கரைப் புகைபோக்கி இருக்கும். அதே மலையில், அதே காலத்தில், பல இடங்களில் அதற்கும் முன்னரே கட்டப்பட்ட இன்னொரு வகைக் கட்டடமும் இருக்கிறது. அது படத்தில் வராது. லயம்.

வயதைப் பார்த்தால் இரண்டும் போருக்கு முந்தையவை. ஒன்று விற்பனைக்கு வருகிறது. மற்றதை, நான்கு ஐந்து தலைமுறையாக அதில் இருப்பவர்களால் விற்கவோ, அடகு வைக்கவோ, பிள்ளைக்கு எழுதிக்கொடுக்கவோ முடியாது. இது ஏன் என்று விளங்கப்படுத்தத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு பங்களாவின் கதை

ஹப்புத்தளை நகரிலிருந்து மூன்று கிலோமீற்றர் தூரத்தில், தங்கமலைக் காட்டுச் சரணாலயத்தை ஒட்டி, அடிஷம் பங்களா நிற்கிறது. 1931இல் கட்டி முடிக்கப்பட்டது. கருங்கல் சுவர், பர்மாத் தேக்கு, இங்கிலாந்துப் பிரபுக்களின் நாட்டுப்புற மாளிகை பாணியிலான அமைப்பு. கட்டியவர் சர் தோமஸ் லெஸ்டர் வில்லியர்ஸ். இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள தன் சொந்த ஊரின் பெயரையே வீட்டுக்கு வைத்தார். கொழும்பின் மிகப் பழைய வணிக நிறுவனங்களில் ஒன்றான ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின் தலைவராக இருந்தவர். தோட்டங்களின் சொந்தக்காரர்கள் லண்டனில் இருக்க, இங்கே தோட்டத்தை நடத்துவது, சாமான் வாங்குவது, தேயிலையை ஏற்றுவது எல்லாவற்றையும் கவனித்தவை இப்படியான முகவர் நிறுவனங்கள். வில்லியர்ஸ் நாடு திரும்பிய பிறகு வீடு கைமாறியது. 1960களின் தொடக்கத்திலிருந்து அது புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடம். வார இறுதியில் போனால் வரவேற்பறையையும் நூலகத்தையும் பார்க்கலாம், துறவிகள் செய்யும் ஜாம் வாங்கி வரலாம். பேரமைதியான இடம். எனக்குப் பிடித்த இடமும்கூட, அதை மறைப்பானேன்.

இதில் கவனிக்கவேண்டியது வீட்டின் அழகை அல்ல, அது கைமாறிய இலகுவை. வெள்ளைக்காரத் துரையிடமிருந்து உள்ளூர் முதலாளிகளுக்கு, பிறகு ஒரு துறவற சபைக்கு. ஒவ்வொரு முறையும் ஓர் உறுதி எழுதப்பட்டது. நொத்தாரிசு கையொப்பமிட்டார். காணிப் பதிவகத்தில் ஒரு வரி ஏறியது. வீட்டின் உரிமை எப்போதும் தாளில் இருந்தது.

இந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று பார்க்க 1840ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும்.

ஒரே ஆண்டில் இரண்டு சட்டங்கள்

1840இல் பிரித்தானிய இலங்கையில் இரண்டு கட்டளைச் சட்டங்கள் வந்தன. ஒன்று, அந்த ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். காணியை விற்பதானாலும் ஈடு வைப்பதானாலும் எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகளோடு செய்யவேண்டும், இல்லாவிட்டால் செல்லாது என்றது அது. இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நாம் “உறுதி” என்று பெட்டியின் அடியில் வைத்துப் பாதுகாக்கும் தாளின் வலிமை அங்கிருந்துதான் வருகிறது.

மற்றது 12ஆம் இலக்கச் சட்டம், முடிக்குரிய காணிகளில் அத்துமீறுவதைத் தடுக்கும் சட்டம். காடு, தரிசு, இடையிடையே பயிர் செய்யப்படும் நிலம் எல்லாம், வேறொருவருக்குரியது என்று நிரூபிக்கப்படாதவரை முடிக்குரியது என்று அது கருதியது. கண்டிய விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்த மேட்டு நிலங்களுக்குத் தாள் இருக்கவில்லை. ஊவாவில் நிலைமை இன்னும் மோசம். 1817–18 ஊவா–வெல்லஸ்ஸ கிளர்ச்சியை அடக்கியபோது ஊர்களும் வயல்களும் எரிக்கப்பட்ட பூமி அது. தாள் இல்லாத நிலம் அரசின் நிலமாயிற்று. ஏக்கர் ஐந்து சிலிங் என்ற விலையில் கோப்பித் துரைமாருக்குப் போயிற்று, 1844இல்தான் அந்த விலை ஒரு பவுணாக உயர்த்தப்பட்டது. ஆகவே பங்களா நிற்கும் மலையும் யாரோ ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்டதுதான். அந்த யாரோ பெரும்பாலும் சிங்கள விவசாயி. ஊவாவின் காணிப் பிரச்சினையைப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

சின்னத் தகவல் ஒன்று. 1840இல் லண்டனில் குடியேற்ற நாடுகளுக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்தவர் ஜோன் ரஸல் பிரபு, பின்னாளில் பிரித்தானியப் பிரதமர். அடிஷம் பங்களாவைக் கட்டிய வில்லியர்ஸ் அவருடைய பேரன்.

பங்களா மேலே, லயம் கீழே

கோப்பி நோய் பரவி அழிந்தது, தேயிலை வந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பக்கத் தோட்டங்களை வாங்கினார். இன்று உல்லாசப் பயணிகள் ஏறும் லிப்டன் இருக்கை, அவர் வாங்கிய தம்பேதென்னைத் தோட்டத்தின் உச்சியில் இருக்கிறது. ஹப்புத்தளையிலிருந்து தொழிற்சாலை வரை பஸ் போகும். அங்கிருந்து நடந்தால் லயங்களின் வாசலைத் தாண்டித்தான் மேலே போகவேண்டும்.

தோட்டத்தின் அமைப்பே ஒரு சட்டம் மாதிரி. பெரிய துரை பங்களா உயரத்தில், காற்றும் காட்சியும் உள்ள இடத்தில். அதற்குக் கீழே சின்னத் துரை பங்களா. பிறகு கிளாக்கர், கணக்கப்பிள்ளைமாரின் குவாட்டர்ஸ். கடைசியில், தேயிலை நடமுடியாத சரிவிலோ ஓடையோரத்திலோ, லயங்கள். ஒரு கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். சிலவற்றில் முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு வரிசை. ஒரு காம்பரா வழக்கமாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு, மேலே தகரம். பொதுப் பீலியில் தண்ணீர். சுவர் கருங்கல் என்பதால் நூறு வருடம் கடந்தும் நிற்கிறது. தரகரின் கணக்கில் இதுவும் “தடித்த சுவர், போருக்கு முந்தைய கட்டடம்”தான்.

பங்களாவைப் பங்களாவாக வைத்திருந்தவர்களும் இந்தக் காம்பராக்களிலிருந்து போனவர்கள்தான். அப்பு, தோட்டக்காரன், ஆயா, வாட்ச்சர். இன்று பழைய பங்களாக்கள் பல உல்லாச விடுதிகளாகிவிட்டன. பொகவந்தலாவைப் பக்கம் 2005 முதல் இயங்கும் விடுதிகள் இதற்கு வழிகாட்டின. ஊவாவில் ஹப்புத்தளை, எல்லப் பக்கங்களிலும் அந்தப் பாணி வந்துவிட்டது. ஓர் இரவுக்குப் பல நூறு டொலர் வாங்கும் விடுதிகள் உண்டு. தோட்டத் தொழிலாளியின் ஒரு நாள் சம்பளம் 2024 செப்டம்பர் வர்த்தமானியின்படி 1,350 ரூபா. 2026க்கான வரவு செலவுத் திட்டத்தில், அரசாங்கம் தரும் 200 ரூபா வருகைக் கொடுப்பனவோடு சேர்த்து அது 1,750 ஆக்கப்பட்டது. விடுதியில் வேலை கிடைப்பது மலையில் கொழுந்து எடுப்பதைவிட மேல் என்று நினைக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அதில் தவறு காண நான் யார்? ஆனால் வேலை முடிந்து அவர்கள் திரும்பிப் போகும் காம்பரா அவர்களுடையதல்ல.

யார் எதை விற்கலாம்?

இதுதான் பலருக்குக் குழப்பமான இடம்.

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் வைத்திருக்கக்கூடிய காணிக்கு உச்சவரம்பு விதித்தது. நெற்காணியானால் 25 ஏக்கர், மற்றவை 50 ஏக்கர். 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. பெருந்தோட்டங்கள் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் போயின. 1992இல் அவற்றின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் அது 53 வருடக் குத்தகையானது. முடிவது 2045இல். நிலத்தின் சொந்தக்காரர் இன்றும் அரசுதான்.

ஆகவே இயங்கும் ஒரு கம்பனித் தோட்டத்தின் பங்களாவைக் கம்பனி அறுதியாக விற்கமுடியாது. தன் குத்தகைக் காலத்துக்குள் விடுதிக்காரருக்கு உப குத்தகைக்கு விடலாம், அவ்வளவுதான். உண்மையில் விற்பனைக்கு வருபவை வேறு: உச்சவரம்புக்குட்பட்டு உரிமையாளரிடம் மிஞ்சிய காணியில் நிற்கும் பங்களாக்கள், தோட்டத்தோடு சேராமல் ஆரம்பத்திலிருந்தே தனிக் காணியில் கட்டப்பட்ட அடிஷம் போன்ற வீடுகள், நகர எல்லைக்குள் இருக்கும் பழைய வீடுகள்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவர் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி இங்கு காணியை அறுதியாக வாங்கமுடியாது, சில விதிவிலக்குகள் தவிர. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. வாங்கமுடியாதவரும் 99 வருடம் வரை குத்தகைக்கு எடுக்கலாம். அந்தக் குத்தகை பதிவகத்தில் ஏறும்.

நேற்று வந்து இறங்கிய ஒரு வெளிநாட்டவருக்கு 99 வருடத்துக்குச் செல்லுபடியாகும் ஒரு தாள் கிடைக்கலாம். 2023இல் இருநூறு வருட வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த சமூகத்தின் லயத்துக் குடும்பத்துக்கு அப்படி எந்தத் தாளும் இல்லை.

ஏன் இல்லை? காம்பரா என்பது சட்டப்படி வீடு அல்ல, வேலையோடு தரப்பட்ட தங்குமிடம். வாடகை இல்லை, ஆகவே வாடகைக் குடியிருப்பாளருக்குள்ள பாதுகாப்பும் இல்லை. குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்யவேண்டும் என்ற நெருக்குதல் இங்கிருந்துதான் வருகிறது. பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போய், பெற்றோரும் ஓய்வுபெற்றுவிட்டால் காம்பராவைப் பற்றிய பேச்சு தொடங்கும். அதோடு 1948இல் பிரஜாவுரிமை பறிபோனது. நாடற்றவருக்கு அரச காணி கிடையாது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்குரியவர்கள் என்று கணக்குப் போட்டது. இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஏறிய குடும்பங்கள் சேமலாப நிதியைக் கொண்டுபோயின, பணிக்கொடையைக் கொண்டுபோயின. வீட்டை விற்ற காசு என்று எதையும் கொண்டுபோகவில்லை. பிரஜாவுரிமைப் பிரச்சினை சட்டப்படி முழுமையாகத் தீர்ந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான். தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் தாராளமாகச் செலவு செய்ய வழிவிட்ட திருத்தம் 2018இல்தான் வந்தது. கடிதம்கூட பல இடங்களில் தோட்ட ஒபிஸ் வழியாகத்தான் கைக்கு வருகிறது.

வன்னிக்குப் போனவர்கள்

இதை ஏன் போரினால் பாதிக்கப்பட்டவர்களுக்கு எழுதவேண்டும் என்று கேட்கலாம். ஊவாவின் லயங்களிலிருந்து வன்னிக்கு ஒரு பாதை இருப்பதால்தான்.

1970களின் பஞ்சத்தாலும், தோட்டங்கள் அரசுடைமையானபோது நடந்த வெளியேற்றங்களாலும், 1977இன் வன்செயலாலும் மலையகக் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறின. 1983 ஜூலையில் பதுளை நகரத்தில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது இன்னும் பலர் போனார்கள். அந்தக் குடும்பங்களில் பல 2009இன் கடைசி மாதங்களில் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் இருந்தன. இங்கேயே நின்றவர்களைப் போர் விட்டுவைத்தது என்றும் சொல்லமுடியாது. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தடுத்துவைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்கள் கும்பலொன்றால் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டார்கள். எல்லப் பாலத்தில் படமெடுக்கப் போகும் பயணிகளின் ரயில் அந்தப் பண்டாரவளை வழியாகத்தான் போகிறது.

வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் காணி அகப்பட்டவர்கள் உறுதியைக் கையில் பிடித்துக்கொண்டு முகாம் வாசலில் நிற்கமுடிந்தது. கேப்பாப்பிலவில் மாதக்கணக்கில் வீதியில் இருந்த பெண்களால் தங்கள் காணி எது என்று கைகாட்ட முடிந்தது. தாள் இருந்தது, நிலம் இல்லை. லயத்தில் இருப்பவருக்கு அது தலைகீழ். நிலத்தின் மேல் இருக்கிறார், தாள் இல்லை. மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களில் பலருக்கு இரண்டுமே இல்லாமல் போயிற்று. மீள்குடியேற்றத்தின்போது வீட்டுத்திட்டத்துக்குக் காணி ஆவணம் கேட்கப்பட்டதால் அவர்கள் பட்ட பாடு வன்னியில் வேலை செய்த எவருக்கும் தெரியும்.

ஏழு பேர்ச்சஸ்

லயத்தை வெறும் சொத்துக் கணக்காகப் பார்க்கக்கூடாது என்பதற்குக் கொஸ்லாந்தை மீரியபெத்தை இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. இடம் ஆபத்தானது என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரித்தால் போவதற்கு அவர்களிடம் வேறு நிலம் இருக்கவில்லை. தப்பியவர்கள் மாகல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலையில் ஏறத்தாழ இரண்டு வருடம் இருந்தார்கள். 2016 ஒக்டோபரில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை மாவட்டத்தின் மலைகள் மறுபடி பல இடங்களில் சரிந்தன. ஓடையோரச் சரிவில் லயம் கட்டிய அந்தப் பழைய தீர்மானத்தின் விலை இது. பங்களாக்கள் எங்கே கட்டப்பட்டன என்பதை மேலே சொன்னேன்.

புதிய தனி வீடுகளுக்கு வழங்கப்படுவது ஏழு பேர்ச்சஸ். அதாவது 1,906 சதுர அடி அளவு நிலம். அடிஷம் பங்களாவைச் சூழ்ந்த காணி சுமார் 10 ஏக்கர். ஏழு ஏழாகப் பிரித்தால் 228 குடும்பங்களுக்கு வரும். யாரும் அதைப் பிரிக்கச் சொல்லவில்லை, அளவு விளங்குவதற்காகச் சொல்கிறேன். 2012 குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் மலையகத் தமிழர் சுமார் ஒன்றரை இலட்சம் பேர்.

2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அந்தத் திட்டத்தின் பயனாளிகள் சுமார் 2,000 பேருக்கு வீட்டு உரிமைப் பத்திரங்களை வழங்கினார். நல்ல விடயம். ஆனால் பத்திரம் வாங்கிய ஒவ்வொருவரும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது காணிப் பதிவகத்தில் ஏறுமா? ஏறினால்தான் வங்கியில் ஈடு வைக்கலாம், பிள்ளைக்கு எழுதலாம், 2045இல் குத்தகை முடிந்து தோட்டம் யார் கைக்குப் போனாலும் இருந்த இடத்தில் இருக்கலாம். ஏறாத தாள், எவ்வளவு பெரிய மேடையில் வழங்கப்பட்டாலும், அந்தப் பாதுகாப்பைத் தராது.

இனி அந்த விளம்பரத்துக்கு வருவோம். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் உங்கள் உறவினர் ஒருவர் ஊவாவில் பங்களா வாங்க நினைத்தால், முதலில் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருட உரித்துத் தொடரைத் தேடச் சொல்லுங்கள். 1972 சீர்திருத்தத்தின்போது அந்தக் காணிக்கு என்ன நடந்தது என்று கேட்கச் சொல்லுங்கள். விற்பவர் சொந்தக்காரரா, குத்தகைக்காரரா என்பது அப்போது தெரிந்துவிடும். பிறகு நில அளவைப் படத்தை எடுத்துக்கொண்டு நேரில் போகச் சொல்லுங்கள். எல்லைக்குள் லயம் இருந்தால் உள்ளே யார் இருக்கிறார்கள், எத்தனை தலைமுறையாக இருக்கிறார்கள் என்று உறுதியில் எழுதியிருக்காது. கீழே இறங்கிப்போய் இஸ்தோப்பில் இருப்பவர்களிடம் கேட்டால்தான் தெரியும்.